35 சதவீதம் போட்டுட்டாங்களா? மேல்முறையீட்டுக்குப் போகும் முன்...

போன மாதம் ஒரு விசைத்தறித் தொழிலாளி சங்கரன்கோவிலில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்தார். வயது நாற்பத்தாறு. மாடிப்படியில் விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. விரல்களும் சரியாக மடங்கவில்லை. நாடாவில் தார் மாற்ற முடியாது, அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாது. தறிக்காரருக்கு வேறென்ன வேலை? சட்டைப் பையிலிருந்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இடது கையால் எடுத்து நீட்டினார். 35 சதவீதம் என்று இருந்தது.

“அஞ்சு மார்க்குல ஃபெயிலாயிட்டேன்யா” என்றார்.

சிரிக்க முடியவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம்தான் எல்லைக்கோடு. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுக்கே. உதவித்தொகைக்கு மனுப் போட்டாலும் முதலில் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சான்றிதழில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-வது பிரிவு உரிமை தருகிறது. சான்றிதழே கிடையாது என்று மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு விதி. யாருக்கு மனு எழுதுவது, எத்தனை நாளைக்குள் என்பதை நம் பகுதிக்காரர்கள் தென்காசியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

இனி, டாக்டர்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். அவர்கள் நோயை அளப்பதில்லை. நோய் விட்டுப்போன குறையை அளக்கிறார்கள். மூட்டு எத்தனை பாகை திரும்புகிறது, தசைக்குப் பலம் எவ்வளவு, விரல்களால் பிடிக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒரு பங்கு. உள்ளங்கையும் விரல்களும் இன்னொரு பங்கு. இரண்டையும் சும்மா கூட்டிவிட மாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். உதாரணத்துக்கு, தோள் பங்கில் 35, விரல் பங்கில் 12 என்றால் 47 வராது. ஏறக்குறைய 42 வரும். விரல் கணக்கை விட்டுவிட்டால் 35-லேயே நின்றுவிடும்.

நம்மவருக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். “விரலைக் காட்டினீங்களா?” என்று கேட்டேன். “அவங்க கேக்கல, நானும் சொல்லல” என்றார். போதாக்குறைக்கு, அன்று காலையில் தைலம் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். “வேலை செய்ய முடியுமா?” என்ற கேள்விக்கு, “ஏதோ சமாளிச்சுக்கிடுவேன் சார்” என்று பதில். நம்ம ஊர் ஆம்பிளைகளுக்கே உள்ள வீம்பு! வீட்டில் ‘அய்யோ அம்மா’ என்பார்கள், டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

அதற்காக இல்லாததை நடிக்கப் போகாதீர்கள். மடக்கும்போது கையைப் பிடித்துப் பார்ப்பவருக்கு, தசை தானாக இறுகுகிறதா, நீங்கள் இறுக்குகிறீர்களா என்பது தெரிந்துவிடும். இன்னொரு விபரீதமும் உண்டு: நிலைமை மோசமாகத் தெரியட்டும் என்று ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்த உடம்பில் அது மறுபடியும் பக்கவாதத்தை வரவழைக்கும். சித்த மருந்தோ ஆங்கில மருந்தோ, தினப்படி சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை விவரிப்பதைவிட, எந்தப் பகுதி பரிசோதிக்கப்படவில்லை என்று சொல்லுங்கள். பழைய சான்றிதழ் நகல், ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். எது பழக்கக் கை என்பதையும் எழுதுங்கள்.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ‘வாத நோயால் அவதிப்படுகிறார்’ என்று கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புவேன். சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எங்கள் முத்திரைக்குக் கிடையாது. அந்தக் கடிதத்தை வைத்து யாரும் எதையும் அளக்கவும் முடியாது. இப்போது எத்தனை மாதம் மருந்தும் தொக்கணமும் கொடுத்தேன், முதல் நாள் கை எவ்வளவு எழும்பியது, இன்று எவ்வளவு என்று பாகைக் கணக்கில் எழுதுகிறேன். துணை ஆதாரமாகவாவது இருக்கட்டும்.

மறுபரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் வந்தார். முகத்தைத் தடவிக்கொண்டே, “தாடியோட போகவாய்யா, சவரம் பண்ணிட்டுப் போகவா?” என்று கேட்டார்.

“பண்ணிக்கிட்டே போங்க. யாரு பண்ணி விடுதா?”

“எம் மவன்தான். விழுந்ததுல இருந்து அவன்தான் பண்ணி விடுதான்.”

“அதை அங்க சொல்லுங்க. பையனையும் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.