சடுகுடுவில் மூலைக் காவல்

சடுகுடு என்றால் பாடி வருகிறவருக்குத்தான் நம் கைதட்டல். எதிர்க்கட்சி 7 பேரில் இரு மூலைகளிலும் நிற்பவர்களை யார் கவனிக்கிறார்கள்?

பாடுகிறவருக்கு 30 விநாடிதான் அவகாசம். மூலைக்காரர் அவசரப்பட்டுப் பாய்ந்து, பிடி நழுவி, வந்தவர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போச்சு, பாய்ந்தவர் அவுட்! அவர் கால் நீளும்வரை பொறுத்திருந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். மற்றவர்கள் வந்து அமுக்கிவிடுவார்கள்.

எண்ணூர், திருவொற்றியூர் மீனவர்களைக் கேளுங்கள்: கரைவலையின் இரு கயிறுகளும் சீராக வராவிட்டால் மீன் ஓரமாய் நழுவிவிடும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலும் ஓரக் காவலருக்கு இதே கவலைதான். பந்தோடு ஓடுபவரை வெளியே சுற்றவிடாமல், தம் ஆட்கள் நிற்கும் உட்பக்கம் திருப்ப வேண்டும்.

தஞ்சைச் சீமையின் தர்மராஜ் சேரலாதன் மூலையில் நின்றே பெயர் பெற்றவர். 2016 ஜூலையில் அவர் தலைமையில்தான் பாட்னா அணி புரோ கபடிக் கோப்பையை வென்றது. சகோதரிகளே, அடுத்த ஆட்டத்தில் மூலையையும் சற்றுப் பாருங்கள்!