மேல்மடைத் தண்ணி கீழ்மடைக்குத்தான் வரும்

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். இப்போது நாலு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா. மேல்மடைக்காரர் பூச்சிமருந்து அடிப்பவர். அவர் வயலில் வடிந்துதான் என் வயலுக்குத் தண்ணி வரும். இதனால் ரெண்டு வருஷமாய் எங்களுக்குள் பேச்சு இல்லை.

போன வருஷம் மகனைப் பார்க்க சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குப் போனேன். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றின் எல்லையும் அங்கே ரைன் நதியில் சேர்கிறது. பக்கத்து ஊர்களை இணைக்கும் நடைபாலத்தில் அஞ்சு நிமிஷம் நடந்தால் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸ்.

அந்த ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. 1986 நவம்பர் 1, நள்ளிரவு தாண்டி, பாசலுக்குச் சற்று மேலே சாண்டோஸ் கம்பெனியின் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளே டன் கணக்கில் பூச்சிமருந்து. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு நதியில் இறங்கியது. ஆறு சிவந்தது. சுமார் 1,50,000 விலாங்கு மீன்கள் செத்தன. தீ ஒரு நாட்டில். நஷ்டம் கீழே உள்ள நாடுகளுக்கும்.

ரைனைக் காக்க 1950 முதலே பல நாட்டு ஆணையம் இருந்தது. ஆனாலும் வேகம் பிடித்தது இதற்கு அப்புறம்தான். 2000க்குள் சால்மன் மீன் திரும்ப வேண்டும் என்று 1987இல் திட்டம் போட்டார்கள். 1993இல், பாசலை அடுத்த ஜெர்மன் ஊரான வைலில் கண்காணிப்பு நிலையம் வந்தது. இடம் ஜெர்மனியில், நடத்துவது பாசல் நகர நிர்வாகம், செலவு இரு தரப்புக்கும். வங்கிக்காரன் கண்ணுக்கு அது ஜாயிண்ட் அக்கவுண்ட்! ஆற்றின் குறுக்கே அஞ்சு இடத்தில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். விஷம் தெரிந்தால் கீழே உள்ளவர்களுக்குத் தகவல் போகும்.

ஊர் திரும்பியதும் மேல்மடைக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, மருந்து அடிக்காதீங்கன்னு சொல்ல வரலை. அடிக்கிறதுக்கு முதல்நாள் ஒரு போன் பண்ணுங்க. நான் மடையை அடைச்சுக்கறேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதைச் சொல்லவா சார் ரெண்டு வருஷம் ஆச்சு?" என்றார்.

இந்தப் போகத்தில் மூணு தடவை போன் வந்தது. மூணு தடவையும் மடையை அடைத்தேன். அவர் மருந்தை விடவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது. மற்றதை இனிமேல் பேசலாம்.

உழவர்களே, உங்கள் மேல்மடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். உங்களுக்குக் கீழே இருப்பவருக்கு நீங்களும் மேல்மடைதான்.