பாரதம் வாசித்தவனுக்கு ஒரு பங்கு

காஞ்சிபுரத்துக்கு அருகில் கூரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. வைணவ நேயர்களுக்கு அது கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். சாஸன ஆராய்ச்சியாளர்களுக்கோ அது செப்பேட்டுக் கூரம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன் அவ்வூர்ச் சிவாலயத்துக்கு ஒரு கிராமத்தையே மானியமாக விட்டான். அதை 25 பங்காகப் பிரித்து, இன்ன வேலைக்கு இத்தனை பங்கு என்று செப்பேட்டில் எழுதி வைத்தார்கள். பூஜைக்கும் திருப்பணிக்கும் 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் அளிக்க ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு!

கதை சொல்லுகிறவனுக்குச் சோறு போடுவது ஊரின் பொறுப்பு என்பதில் அக்காலத்தில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றும் அந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் விடிய விடியக் கூத்து நடக்கும்.

அத்தகைய ஊரில் ஒரு வாலிபனுக்குச் சினிமாக் கதை எழுதும் ஆசை பிறந்தால் என்ன ஆகும்? பகலில் காஞ்சியில் ஒரு பட்டுக் கடையில் வேலை. இரவில் நோட்டுப் புத்தகம். பஸ்ஸில் இருவர் சண்டையிட்டால் அவனுக்கு விலக்கிவிடத் தோன்றாது. வசனத்தைக் குறித்துக் கொள்ளத்தான் தோன்றும். புதுப் படம் பார்த்து வந்தால், இடைவேளைக்குப் பிறகு கதை எங்கே சறுக்கியது என்று அரை மணி நேரம் விளக்குவான். தந்தையார் கேட்பது ஒரே கேள்வி: "அதெல்லாம் சரி, உனக்கு என்னடா கொடுப்பார்கள்?"

கேள்வி நியாயமானதே. 1931-இல் தமிழ்ப் பேசும் படம் பிறந்தபோது பாட்டுக்குத்தான் மதிப்பு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மூச்சு விடுவதற்கு வசனம். 1937-இல் வந்த 'அம்பிகாபதி' இந்த நிலையை மாற்றியது. அதற்கு வசனம் எழுதியவர் 'மணிக்கொடி'க் கூட்டத்தைச் சேர்ந்த இளங்கோவன். டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். வசனகர்த்தாவுக்கு இது ஒரு சௌகரியந்தான். இராமானுஜர் சொல்லச் சொல்ல ஸ்ரீபாஷ்யத்தை எழுதிய கூரத்தாழ்வான், மனம் ஒப்பாத இடத்தில் எழுத்தாணியை நிறுத்திவிட்டதாகக் குருபரம்பரைக் கதை கூறும். டைரக்டர் சொல்லும்போது எழுதுகோலை நிறுத்துகிறவரை மறுநாள் ஸ்டூடியோ வாசலில் உள்ளே விடுவார்களா?

இளங்கோவனுக்கு 1942-இல் 'கண்ணகி' மேலும் புகழ் தந்தது. அதே 'மணிக்கொடி'யில் எழுதிய புதுமைப்பித்தனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பத்திரிகை உத்தியோகத்தை விட்டு வந்து, ஜெமினியின் ஔவையார் படத்துக்கு எழுதினார். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தமாகவே ஒரு கம்பெனி தொடங்கினார், படம் வெளிவரவில்லை. பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு எழுதப் புனா சென்றார். க்ஷயரோகத்தோடு திரும்பினார். 1948 ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானபோது அவருக்கு வயது 42. மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. திரைக்கதை கற்றுத் தரும் நூல்களை வாங்குமுன் வாலிபர்கள் அதைப் படிப்பது நலம்.

மறு வருஷமே, 1949-இல், காஞ்சிபுரத்து அண்ணாதுரை எழுதிய 'வேலைக்காரி'யும் 'நல்லதம்பி'யும் வெளிவந்தன. நடிகர் பெயரைப் போலவே எழுதியவர் பெயருக்கும் கூட்டம் சேரும் என்று முதலாளிகள் அப்போதுதான் நன்றாகக் கண்டுகொண்டார்கள்.

இன்று எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிந்து வைக்க வழி உண்டு. 2018-இல் 'சர்கார்' படத்தின் கதை, தாம் 2007-இல் பதிந்த 'செங்கோல்' கதையை ஒத்திருக்கிறது என்று ஓர் உதவி டைரக்டர் முறையிட்டார். ஒற்றுமை உண்டு என்று சங்கமும் கூறியது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், படத்தின் தொடக்கத்தில் அவர் பெயரைக் காட்டுவதென்ற சமரசத்தில் முடிந்தது. பதினோரு வருஷம்! கூரத்து வாலிபன் இச்செய்தியைத் தந்தையாரிடம் சொல்லாமல் இருப்பதே உத்தமம்.