முதுகு வலிக்கு முதுகிலேயே ஊசி: யாருக்குப் பலன் தரும்? யாருக்குத் தராது?

"ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசிதான். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." மாதக்கணக்கில் முதுகு வலியோடு போராடுபவர்களுக்கு இந்த வார்த்தைகள் பெரிய ஆறுதல். மாத்திரை, தைலம், பெல்ட் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டவர்கள், "சரி, போட்டுத்தான் பார்ப்போமே" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊசி எல்லா முதுகு வலிக்கும் மருந்து கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடி பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்தது. வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள்.

என்னென்ன சிகிச்சைகள் உள்ளன?

எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி: தண்டுவடத்தின் உறைக்கு வெளியே, நரம்பு கிளம்பும் இடத்துக்கு அருகில் போடப்படுகிறது. நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைப்பதே இதன் வேலை. விலகிய டிஸ்க்கை இது பழைய இடத்துக்குத் தள்ளாது.

ஃபேசட் மூட்டு ஊசி: முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சிறிய மூட்டுகளிலோ, அவற்றின் வலியைக் கடத்தும் நரம்புகளிலோ போடப்படுவது. வலி அங்கிருந்துதான் வருகிறதா என்று கண்டுபிடிக்கவும் இது பயன்படும்.

ரேடியோ அலை சிகிச்சை: மேலே சொன்ன சோதனை ஊசியில் வலி நன்றாகக் குறைந்தால் அடுத்த கட்டம் இது. ஊசி முனையில் வெப்பம் செலுத்தி, வலியைக் கடத்தும் நரம்பைச் செயலிழக்க வைப்பார்கள். அந்த நரம்பு மறுபடியும் வளரும் என்பதால், வலியும் திரும்ப வரலாம்.

எப்படிப் போடுகிறார்கள்?

குப்புறப் படுக்க வைத்து, தோலை மரத்துப்போகச் செய்வார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிறிது நேரக் கண்காணிப்புக்குப் பிறகு வீடு திரும்பலாம். ஆனால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது; துணைக்கு ஒருவர் வேண்டும்.

வலி முதுகிலா, காலிலா?

முக்கியமான கேள்வியே இதுதான். இடுப்பில் தொடங்கி, பின் தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி 'சுளீர்' என்று இழுக்கும் வலிதான் சியாட்டிகா. டிஸ்க் நரம்பை அழுத்துவதால் வரும் இந்த வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப கட்டத்தில், எபிடியூரல் ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டன் அரசின் 'நைஸ்' வழிகாட்டுதல். காலுக்கு இறங்காமல் முதுகோடு நிற்கும் வலிக்கு ஊசி போட வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

'ஸ்கேன்ல டிஸ்க் விலகியிருக்கே' என்று கேட்கலாம். வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். ஸ்கேனும் அறிகுறியும் ஒத்துப்போக வேண்டும்.

பலன் எத்தனை நாள்?

எபிடியூரல் ஊசியின் பலன் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரைதான். பிஎம்ஜே மருத்துவ இதழில் 2025-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், நாள்பட்ட முதுகுத்தண்டு வலிக்கு இத்தகைய ஊசிகளையும் ரேடியோ அலை சிகிச்சையையும் தவிர்க்கச் சொன்னது. வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் இதை ஏற்கவில்லை. சரியான நோயாளியைத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு என்பது அவர்கள் வாதம்.

ஆபத்து உண்டா?

ஊசி போட்ட இடத்தில் வலி, தலைவலி போன்றவை சிலருக்கு வரும். தொற்று, பக்கவாதம், பார்வை இழப்பு போன்றவை மிக அரிது. ஆனாலும் இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்திருக்கிறது. அதற்கு முன், 2012-ல், பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் அமெரிக்காவில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே மருந்தின் தரமும் சுத்தமான தியேட்டரும் முக்கியம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை எகிறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

* என் வலி எங்கிருந்து வருகிறது?
* இந்த ஊசியால் எவ்வளவு குறையும், எத்தனை நாளைக்கு?
* போடாவிட்டால் என்ன ஆகும்?
* மொத்தச் செலவு எவ்வளவு, மறுபடியும் போட வேண்டி வருமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சியாட்டிகா வலி பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே குறைந்துவிடுகிறது.

ஊசிக்குப் பிறகு?

வலி குறைந்த அந்த நாட்கள்தான் உடற்பயிற்சியைத் தொடங்க நல்ல நேரம். நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. "வலிதான் போயிடுச்சே" என்று பயிற்சியை விட்டால், ஊசியின் பலன் முடிந்ததும் பழைய நிலைமைதான்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் திடீரெனப் பலம் இழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகு வலி இருந்தால் ஊசிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.