மெல்ல இறங்கும் எண்

கல்லூரியின் விழா மலரிலே நோயொன்றைப் பற்றி எழுதப் புகுவது மங்கலமன்று எனச் சிலர் கருதக்கூடும். எனினும், எம்முடன் ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பரொருவர், "என் நோய் மருந்துக்குக் கேட்கவில்லை" என்று கூறித் தலைகுனிந்திருந்த மாலைப்பொழுதை நாம் மறக்கவியலவில்லை. அவரைப் பற்றியது நாட்பட்ட மைலோயிட் லியுக்கேமியா என்னும் குருதிப் புற்றுநோய். மருந்துண்ணத் தொடங்கி மூன்று மாதம் கழிந்திருந்தது. கையிலிருந்த அறிக்கை 14 சதவீதம் என்றது. 10 சதவீதம் அல்லது அதனிலும் குறைவு என்பதே வைத்தியர் எதிர்பார்த்த அளவு. அந்த நான்கு சதவீதமே அவர் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவருக்கு அன்று கூறியதையும் கூறத் தவறியதையும் இங்கு எழுதுகின்றோம். கடிய லியுக்கேமியா வேறொரு நோய். அதன் சிகிச்சை கிழமைக் கணக்கில் நடப்பது. ஆதலின், இங்கு கூறுவன அதற்குப் பொருந்தா.

1960ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போட் என்னும் இருவர் இந்நோயாளரின் குழியங்களில் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அது தோன்றியதென்று ஜனற் ரோலி அம்மையார் 1973இல் காட்டினார். அம்மாற்றத்தாற் பிறந்த கலப்புப் பரம்பரையலகு ஓயாது தொழிற்படும் நொதியமொன்றை ஆக்க, வெண்குழியங்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. அந்நொதியத்தை அடக்கும் இமற்றினிப் என்னும் குளிகை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 2001இல். நோயின் அடையாளம் தெரிந்து மருந்து கைக்கு வர 41 ஆண்டுகள் சென்றன! 2000இல் தொடங்கிய பேராய்வொன்றில் இம்மருந்தை உண்டோரில் ஏறக்குறைய 83 சதவீதத்தினர் பத்தாண்டின் பின்னும் உயிருடனிருந்தனர்.

அறிக்கையிலுள்ள எண், அக்கலப்புப் பரம்பரையலகின் சுவடு குருதியில் எவ்வளவு எஞ்சியுள்ளதென்பதைச் சர்வதேச அளவுகோலிற் காட்டுவது. மூன்றாம் மாதத்தில் 10, ஆறாம் மாதத்தில் 1, பன்னிரண்டாம் மாதத்தில் 0.1 சதவீதம் அல்லது அவற்றிலும் குறைவு என்பன வைத்தியர் விரும்பும் படிகள். ஒரு படி தவறினால் அது முதலில் எச்சரிக்கையாகவே கொள்ளப்படும். மூன்றாம் மாதத்தில் 10ஐத் தாண்டிய எண்ணை ஒன்று முதல் மூன்று மாதத்துள் மறுபடி அளந்து உறுதி செய்த பின்னரே மருந்து தோற்றதென்பர். முதலாந் தவணைப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்ற மாணவனை அன்றே வகுப்பினின்றும் நீக்கிவிடுவாருமுளரோ?

கிணறு இறைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும். முதலில் நீர் விரைவாக வற்றும். அடியை அணுக அணுக, ஊற்றும் சுரப்பதால், ஒரு சாண் இறங்குவதற்கே நெடுநேரம் செல்லும். இந்நோய்க்கும் ஊற்றுண்டு. என்பு மச்சையில் உறங்கும் மூலக்குழியங்கள் மருந்துக்கு எளிதில் அடங்கா. ஆகவே, ஓரெண்ணை மட்டும் நோக்காது அது இறங்கும் கதியை நோக்க வேண்டும். 2014இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று, மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேலிருந்தோருள்ளும், எண் 76 நாளுக்குள் பாதியாகக் குறைந்துவந்தவர்கள் ஏனையோரினும் மிக நன்றாயிருந்தனர் எனக் கண்டது. நண்பரின் எண் தொடக்கத்தில் 80. மூன்று மாதத்தில் அது 14 ஆயிற்றெனின், ஏறக்குறைய 36 நாளுக்கொரு முறை பாதியாகியிருத்தல் வேண்டும். இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கணித ஆசிரியரின் பிரம்படி அன்று பயன் தந்தது.

அதன்பின்னரே உண்மையொன்று வெளிவந்தது. இரவிற் கெண்டைக்கால் தசைப்பிடிப்பு வருத்தியதால், இடையிடையே குளிகையை விட்டிருந்தார். வைத்தியரிடம் கூற நாணம். மனைவியிடம் கூற அச்சம். இலண்டனில் 87 நோயாளரின் மருந்துப் போத்தல் மூடிகளில் நுண்கருவி பொருத்தி ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. குளிகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்டோர் 0.1 சதவீதப் படியை ஆறாண்டில் எட்டும் வாய்ப்பு 94 சதவீதத்துக்கு மேல். அதற்குக் குறைய உண்டோர்க்கு 28 சதவீதமளவே. 90 சதவீதமென்பது மாதத்தில் மூன்று நாள் மறப்பதேயாம். தசைப்பிடிப்பு, கண்ணிமை வீக்கம், குமட்டல் என்பவற்றைத் தணிக்க வழியுண்டு. ஆனால் சொல்லாத நோவுக்கு வைத்தியர் என் செய்வார்?

உணவும் கவனத்துக்குரியது. இமற்றினிப்பை உணவோடும் ஒரு பெரிய குவளை நீரோடும் உண்ண வேண்டும்; நிலோற்றினிப்பையோ வெறுவயிற்றில் உண்ண வேண்டும். டசற்றினிப் உண்போர், வயிற்றமிலம் குறைக்கும் மருந்துகளைக் கேளாது உட்கொண்டால், உடலிற் சேரும் மருந்து குறைந்துவிடும். சில மூலிகைகளும் இவ்வாறு செய்வனவாதலின், அயலவர் அன்போடு கொண்டுவரும் கஷாயத்தையும் வைத்தியருக்கு அறிவித்தே அருந்துதல் நன்று. அன்பு வேறு, மருந்து வேறு.

ஒழுங்காக உண்டும் எண் இறங்காவிடின், நொதியத்தின் அமைப்பு மாறியிருக்கின்றதா எனச் சோதிப்பர். முடிவுக்கேற்ப டசற்றினிப், நிலோற்றினிப், பொசுற்றினிப் முதலியவற்றுள் ஒன்றுக்கு மாற்றுவர். ரீ315ஐ என்னும் மாற்றம் இம்மூன்றையும் இமற்றினிப்பையும் எதிர்க்கும். பொனற்றினிப் அதற்கும் பயன்படுவது. மச்சை மாற்றுச் சிகிச்சை இன்று பெரும்பாலும் கடைசியாகவே எண்ணப்படுவது.

காத்திருப்பதோ தனிச் சுமை. இரு சோதனைகளுக்கிடையே மூன்று மாதம். அவற்றுள் எண்ணைப் பற்றி அறிய ஒன்றுமில்லை. வீட்டார், "இன்னாருக்கு ஆறு மாதத்திலே நோய் மறைந்துவிட்டதாமே" என்பர். இத்தகைய ஒப்பீட்டினும் கொடியது பிறிதொன்றை நாம் கண்டிலேம். நண்பர் இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்திலேயே குருதி கொடுத்தார். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எண் சிறிது வேறுபடுவதுண்டு. பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் திகதி, எண், உண்ட குளிகை, விட்ட குளிகை யாவும் எழுதினார். விட்டதை எழுதும் நேர்மை எளிதன்று. ஒவ்வொரு முறையும் மனைவியே அக்கொப்பியை வைத்தியரிடம் நீட்டினார்.

ஆறாம் மாதத்தில் 3 சதவீதம். விரும்பத்தக்க படி அதுவுமன்று. வைத்தியர் மருந்தை மாற்றாது மறுபடி அளந்தார். பன்னிரண்டாம் மாதத்தில் 0.4. பதினெட்டாம் மாதத்தில் 0.09 என்ற அறிக்கையோடு எம் வாயிற் படலையைத் திறந்துகொண்டு வந்தவர், அதனைக் காட்டுமுன், விழா மலருக்குக் கட்டுரை எழுதியாயிற்றா என்று கேட்டார்.