பாறையின் ஜாதகம் நோட்பேடில்!

வீட்டில் போர் போட்டபோது பார்த்திருப்பீர்கள். வெளியே வரும் கல் தூளைக் கையில் எடுத்துப் பார்த்து, கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் எண்ணெய்க் கிணறு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் போகும். அங்கே தூளை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அதனால் கேபிளில் கருவிகளைக் கட்டி உள்ளே இறக்கி, பாறையின் குணங்களை அளக்கிறார்கள். இதற்கு வெல் லாகிங் என்று பெயர். 1927 செப்டம்பரில் பிரான்சில் உள்ள பெஷல்ப்ரான் எண்ணெய் வயலில் ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் குழு முதன்முதலாக மின்சார லாக் எடுத்தது.

இது கம்ப்யூட்டர் பத்திரிகையில் எதற்கு என்கிறீர்களா? அந்த அளவுகள் வருவது சாதாரண டெக்ஸ்ட் பைலாகத்தான். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே அதைப் படிக்கப் போதும்.

எல்ஏஎஸ் பைல்

இந்த பைல்களுக்கு எல்ஏஎஸ் என்று பெயர். கனடாவின் வெல் லாகிங் சொசைட்டி 1989-ல் இந்த முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் புவியியல் துறை இத்தகைய பைல்களை இலவசமாகவே தருகிறது. ஒன்றை டவுன்லோட் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே கிணற்றைப் பற்றிய விவரங்கள், கீழே வரிசை வரிசையாக எண்கள். முதல் காலம் ஆழம். மற்ற காலங்கள் ஒவ்வொன்றும் ஒரு குணம். நடுவில் -999.25 என்ற எண் வந்தால் பயப்படாதீர்கள். "இங்கே அளவு இல்லை" என்பதற்கான அடையாளம் அது. கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

எந்த எண் எதைச் சொல்கிறது?

காமா ரே: பாறையில் இயற்கையாக உள்ள கதிர்வீச்சு. களிமண் பாறையான ஷேலில் பொட்டாசியம், தோரியம் அதிகம் என்பதால் எண் பெரிதாக வரும். சுத்தமான மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் குறைவாக வரும். எண்ணெய் தேடுபவர்கள் முதலில் ஷேலை ஒதுக்கிவிடுவார்கள்.

டென்சிட்டி: பாறையின் அடர்த்தி. துளையே இல்லாத மணற்பாறைக்கு 2.65, சுண்ணாம்புப் பாறைக்கு 2.71, டோலமைட்டுக்கு 2.87. இதைவிடக் குறைந்தால், பாறைக்குள் துளைகள் இருக்கின்றன என்று பொருள். எண்ணெயோ தண்ணீரோ தங்குவது அந்தத் துளைகளில்தான். ஸ்பாஞ்சில் தண்ணீர் நிற்பது போல. நிலத்தடியில் எண்ணெய்க் குளம் ஏதும் கிடையாது.

ரெசிஸ்டிவிட்டி: மின்சாரத்துக்குப் பாறை காட்டும் எதிர்ப்பு. ஆழத்தில் உள்ள உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணெய் கடத்தாது. எனவே துளையுள்ள பாறையில் இந்த எண் உயர்ந்தால் எண்ணெய் இருக்க வாய்ப்பு உண்டு.

எக்ஸெலில் போட்டுப் பார்ப்போமா?

புது ஷீட் ஒன்றைத் திறங்கள். ஏ2 செல்லில் டென்சிட்டி 2.32, பி2 செல்லில் ரெசிஸ்டிவிட்டி 20 என்று டைப் செய்யுங்கள். சி2-ல் துளை அளவுக்கான பார்முலா:

=(2.65-ஏ2)/(2.65-1)

செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். இதில் 1 என்பது துளையில் உள்ள திரவத்தின் அடர்த்தி. விடை 0.2. அதாவது பாறையில் 20 சதவீதம் துளை.

அடுத்து டி2-ல்:

=((0.05/பி2)^0.5)/சி2

இது ஆர்ச்சி என்பவர் 1942-ல் வெளியிட்ட சூத்திரத்தின் எளிய வடிவம். 0.05 என்பது அந்த ஆழத்து உப்புத் தண்ணீரின் ரெசிஸ்டிவிட்டி. இது இடத்துக்கு இடம் மாறும். விடை 0.25. துளைகளில் 25 சதவீதம்தான் தண்ணீர், மீதி 75 எண்ணெய்! இப்போது பி2-ல் 20-ஐ அழித்துவிட்டு 1.25 போடுங்கள். விடை 1. அதாவது முழுக்கத் தண்ணீர். பாறை அதே பாறை, துளையும் அதே துளை. கிணற்றின் தலையெழுத்து மட்டும் மாறிவிட்டது.

நான் செய்த தவறு

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த பைல்களைப் படிக்கும் புரோகிராம் எழுதும் பொறுப்பு வந்தது. பாறையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. 2.65 என்ற எண்ணைப் புத்தகத்தில் பார்த்து அப்படியே புரோகிராமுக்குள் எழுதிவிட்டேன். டெஸ்ட் செய்ய ஒரு பழைய கிணற்றின் பைலைக் கொடுத்தார்கள். ஒரு அடுக்கில் டென்சிட்டி 2.50, ரெசிஸ்டிவிட்டி 20. என் புரோகிராம் துளை 9 சதவீதம், தண்ணீர் 55 சதவீதம் என்றது. பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் அந்த அடுக்கை ஒதுக்கிவிடு என்று எழுதியிருந்தேன். ஒதுக்கிவிட்டது.

ஜியாலஜிஸ்ட் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, பக்கத்து காலத்தைப் பார்த்தீங்களா?" என்றார். அது பிஇ என்ற அளவு. பாறையின் வகையைக் காட்டிக்கொடுப்பது அதுதான். மணற்பாறைக்கு 1.8, டோலமைட்டுக்கு 3.1, சுண்ணாம்புக்கு 5.1 என்ற அளவில் வரும். அந்த அடுக்கில் 5-ஐ ஒட்டி இருந்தது. சுண்ணாம்புப் பாறை! 2.65-க்குப் பதில் 2.71 போட்டால் துளை 12 சதவீதம், தண்ணீர் 41 சதவீதம். எண்ணெய்தான் அதிகம். நல்ல அடுக்கைத் தண்ணீர் என்று மூடச் சொல்லியிருந்தது என் புரோகிராம். நீங்களும் எக்ஸெலில் மாற்றிப் பாருங்கள், பார்முலாவில் 2.65 இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டையும் மாற்ற வேண்டும்.

அன்றிலிருந்து எந்த எண்ணையும் நான் பார்முலாவுக்குள் புதைப்பதில்லை. தனி செல்லில் போட்டு, பக்கத்தில் அது என்ன என்று பெயரும் எழுதிவிடுவேன். வீட்டு வரவு செலவுக் கணக்கு போடும் உங்களுக்கும் இது பொருந்தும். வட்டி விகிதத்தைப் பார்முலாவுக்குள் எழுதிவிட்டு, விகிதம் மாறிய பின் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யாது. அது எந்தப் பாறைக்கான கணக்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.