சுதந்திரத்தின் பொருளும் மதிப்பும்

சுதந்திரம் என்றதும் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நம் நினைவுக்கு வருகிறது. அது நாடு பெற்ற சுதந்திரம். தனி மனிதன் தன் அன்றாட வாழ்வில் நுகர வேண்டிய சுதந்திரம் ஒன்றும் உண்டு. அதன் பொருளைத் தோட்டப்புற மக்களாகிய நாம் நம் முன்னோர் வரலாற்றிலிருந்தே உணரலாம்.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து பலர் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். கப்பற் செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடியவர் தண்டனைக்குள்ளாயினர். காலில் விலங்கில்லை, ஆயினும் விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையும் இல்லை. இம்முறையில் ஆள் திரட்டுவது 1910ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. விலங்கு செய்யும் வேலையைக் கடனும் செய்யக்கூடும் என்பதே அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

இன்று நம்மைக் காப்பது சட்டம். எவரையும் அடிமையாக வைத்திருத்தல் ஆகாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 6ஆவது விதி கூறுகிறது. கட்டாய உழைப்பையும் அது தடை செய்கிறது. நாட்டின் தேவைக்கென நாடாளுமன்றம் சட்டமியற்றிக் கோரும் சேவை அதற்கு விலக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளி முறையான முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்து விலகலாம்; தொழிற்சங்கத்தில் சேரலாம். சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதித்தல் கூடாது.

சுதந்திரம் என்பது மனம் போன போக்கில் நடப்பதன்று. பிறருடைய சுதந்திரத்தையும் மதிப்பதே அதன் மறுபாதி. பேச்சுரிமை, சங்க உரிமை முதலியவற்றைக் கூறும் 10ஆவது விதி குடிமக்களைக் குறிக்கிறது. 6ஆவது விதியோ 'எவரையும்' என்கிறது. ஆகவே, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, நம் தோட்டங்களில் உழைப்போருக்கும் அந்தப் பாதுகாப்பு உரியது. கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நாம் இதனை மறத்தல் தகுமோ?

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஒருவரை மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வேலையிடத்தை விட்டு வெளியேற விடாமல் தடுக்கும் முதலாளிக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அறியாத உரிமை பெட்டியில் பூட்டிய பணம் போன்றது. உரிமையாளருக்கே அது உதவாது. நம் உரிமையை நாம் அறிவோம். நம் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் எந்நாட்டவராயினும் அவருக்கும் எடுத்துரைப்போம். சுதந்திரத்தின் மதிப்பை உணர்ந்தவர் செய்யத்தக்க கடமை அதுவே.